கடைசி டிரான்ஸ்பார்மர்: பழனியை முன்வைத்து மின்வாகனச் சுமையும் மின்பகிர்மானமும்

1. கேள்வி

பழனி மலைமீது மின்சாரம் ஆட்களை ஏற்றிச் செல்லத் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. 1966இல் வந்த விஞ்சும் 2004இல் வந்த ரோப் காரும் மின்மோட்டாரில் இயங்குபவை. அவை எவ்வளவு மின்சாரம் இழுக்கும், எந்த நேரத்தில் இழுக்கும் என்பது மின்வாரியத்துக்குத் தெரியும். விண்ணப்பம் வாங்கி, சுமையைக் கணக்கிட்டு, அதற்கேற்பக் கம்பி இழுத்துக் கொடுத்த இணைப்புகள் அவை. 2024 மார்ச்சில், சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவையொட்டி, மலையைச் சுற்றியுள்ள கிரிவீதியில் தனியார் வாகனங்களுக்குத் தடை வந்தது. பக்தர்களுக்காகக் கோயில் நிர்வாகம் அங்கே பேட்டரி கார்களை ஓட்டுகிறது. இந்தச் சுமையும் ஒரே உரிமையாளரின் கணக்கில் வருவது, கணிக்க எளியது.

அடிவாரத்தில் பூக்கடை வைத்திருக்கும் ஒருவர் இரவு கடையைக் கட்டிவிட்டு வீடு திரும்புவதாகக் கொள்வோம். எலெக்ட்ரிக் ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தி, ஜன்னல் வழியாக ஒயரை இழுத்துப் பதினைந்து ஆம்பியர் பிளக்கில் செருகுகிறார். அந்தச் சுமையை யாரும் விண்ணப்பித்துப் பெறவில்லை. எந்தப் பதிவேட்டிலும் அது ஏறவில்லை. மாதங்கள் கழித்து அந்தத் தெருவில் வோல்டேஜ் குறையும்போதோ, டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் அடிக்கடி போகும்போதோதான் அது தன் இருப்பை அறிவிக்கும்.

இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் சேரும் சுமைக்கு ஒரு கோயில் நகரத்தின் மின்பகிர்மானம் எப்படி ஆயத்தமாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. சார்ஜிங் நிலையங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதில் காட்டப்படும் அக்கறை, தெருமுனை டிரான்ஸ்பார்மரின்மீதும் அது சுமை தாங்கும் நேரத்தின்மீதும் திரும்ப வேண்டும் என்பது இதன் வாதம். அதற்கான பாடம் தமிழ்நாட்டு மின்வாரியத்தின் சொந்த அனுபவத்திலேயே, பம்ப்செட்டுகளின் வரலாற்றில் இருக்கிறது.

2. நிலவும் இரண்டு பார்வைகள்

மின்வாகனங்களைப் பற்றிய பொதுப்பேச்சில் இரண்டு பார்வைகள் வலுவாக உள்ளன. முதலாவது அச்சம்: எல்லாரும் மின்வாகனத்துக்கு மாறிவிட்டால் மின்சாரத்துக்கு எங்கே போவது? 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல மணிநேர மின்வெட்டை அனுபவித்த தமிழ்நாட்டில் இந்த அச்சம் எளிதில் வேர்பிடிக்கிறது.

இரண்டாவது நிம்மதி: போதிய சார்ஜிங் நிலையங்களை அமைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும். அரசின் கொள்கைகள் பெரும்பாலும் இந்தப் பக்கம் சாய்ந்தவை. பொது சார்ஜிங் நிலையம் அமைக்க உரிமம் வேண்டியதில்லை என்று மத்திய மின் அமைச்சகம் 2018 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. நகரங்களில் 3 கி.மீ.க்கு 3 கி.மீ. கட்டத்துக்கு ஒரு நிலையம், நெடுஞ்சாலையின் இருபுறமும் 25 கி.மீ.க்கு ஒன்று என்பது அதன் தொடக்கக்கால வழிகாட்டுதல்கள் வகுத்த அளவு. தமிழ்நாட்டின் 2023ஆம் ஆண்டு மின்வாகனக் கொள்கை சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி ஆகிய ஆறு நகரங்களை முன்னோடிகளாகத் தேர்ந்தது. பழனி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் கோவையிலும் மதுரையிலும் வாங்கப்படும் கார்கள் விடுமுறை நாளில் வந்து நிற்பது பழனி அடிவாரத்தில்தான்.

இரு பார்வைகளும் ஒரே இடத்தில் வழுக்குகின்றன. அச்சம் மொத்த மின்சாரத்தை எண்ணுகிறது. நிம்மதி நிலையங்களை எண்ணுகிறது. எந்தத் தெருவில், எந்த மணிக்கு என்ற கணக்கை இரண்டுமே போடுவதில்லை.

3. யூனிட்டும் கிலோவாட்டும்

ஒரு மின்ஸ்கூட்டர் நாளொன்றுக்கு 30 கி.மீ. ஓடினால் ஏறத்தாழ ஒரு யூனிட் செலவாகும். கணக்குக்காகத் தமிழ்நாட்டில் பத்து லட்சம் ஸ்கூட்டர்கள் அப்படி ஓடுவதாக வைத்துக்கொள்வோம். நாளுக்குப் பத்து லட்சம் யூனிட். 2024 ஏப்ரல் 30 அன்று மாநிலம் நுகர்ந்தது 45 கோடி யூனிட்டுக்கு மேல். அதில் இது கால் சதவீதம்கூட இல்லை. மின்சாரத்துக்கு எங்கே போவது என்ற அச்சத்துக்கு இந்த அளவில் ஆதாரமில்லை.

அதே பத்து லட்சம் ஸ்கூட்டர்களும் ஒரே நேரத்தில் செருகப்பட்டால் கதை மாறுகிறது. சாதாரண வீட்டு சார்ஜரின் திறன் முக்கால் கிலோவாட் என்று கொண்டால் மொத்தம் 750 மெகாவாட். 2024 மே 2 அன்று தமிழ்நாடு தொட்ட உச்சத் தேவை 20,830 மெகாவாட். அதில் இது மூன்றரை சதவீதத்துக்கு மேல். யூனிட் கணக்கில் கால் சதவீதத்தை எட்டாத ஒன்று, கிலோவாட் கணக்கில் பதினாறு மடங்காகப் பெருத்து நிற்கிறது. எல்லாரும் ஒரே நொடியில் செருகப்போவதில்லை என்பது உண்மைதான். ஆயினும் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம் ஊர் முழுக்க ஏறக்குறைய ஒன்றே. விளக்கும் மின்விசிறியும் டிவியும் மோட்டாரும் ஓடும் மாலை ஏழு முதல் பத்து மணி வரை சூரியமின்சாரமும் இருப்பதில்லை.

4. டிரான்ஸ்பார்மரின் இரவு

மாநில அளவில் இந்த உச்சத்தைச் சமாளிக்கப் பல வழிகள் உண்டு. பழனிக்கு மேற்கே ஆனைமலைத் தொடரில் உள்ள காடம்பாறை நீரேற்று மின்நிலையம் அத்தகைய ஒன்று. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் தண்ணீரை மேலேற்றி, தேவை ஏறும் நேரத்தில் இறக்கி 400 மெகாவாட் வரை தரக்கூடியது. தெருமுனை டிரான்ஸ்பார்மருக்கு அப்படியொரு கைமாற்று இல்லை. 110 கே.வி. துணைமின் நிலையத்திலிருந்து 22 கே.வி. ஃபீடர் வழியாக வரும் மின்சாரத்தை வீட்டுக்குரிய அழுத்தத்துக்கு இறக்குவது அது. காடம்பாறையில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும், அந்த ஒற்றைப் பெட்டியின் கொள்ளளவைத் தாண்டி எதுவும் வீட்டுக்கு வராது.

100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்று மாலையில் ஏற்கெனவே 80 வரை சுமப்பதாகக் கொள்வோம். அதன் கீழுள்ள வீடுகளில் முப்பது ஸ்கூட்டர்கள் ஒருசேரச் செருகப்பட்டால் 22.5 கிலோவாட் கூடும், கொள்ளளவு தாண்டிவிடும். அதே முப்பது ஸ்கூட்டர்களுக்கு வேண்டிய முப்பது யூனிட்டை இரவு எட்டு மணிநேரத்தில் பரப்பிக் கொடுத்தால் கூடும் சுமை நான்கு கிலோவாட்டைத் தொடாது. வண்டிகள் அதே வண்டிகள், யூனிட்டும் அதே யூனிட். ஒரு வகையில் புதிய டிரான்ஸ்பார்மர் வேண்டும். இன்னொரு வகையில் ஒன்றுமே வேண்டியதில்லை.

கொள்ளளவைச் சற்றுத் தாண்டினால் டிரான்ஸ்பார்மர் உடனே வெடித்துவிடாது. அதன் சுருள்களைச் சுற்றியுள்ள காகிதக் காப்பு வெப்பத்தால் மெல்லக் கருகும். சுருளின் மிகச் சூடான புள்ளி 98 டிகிரியைத் தாண்டி ஒவ்வொரு 6 டிகிரி ஏறும்போதும் சாதாரணக் காகிதக் காப்பு மூப்படையும் வேகம் இருமடங்காகும் என்பது பொறியியலில் ஏற்கப்பட்ட கணக்கு. பகலிலும் மாலையிலும் சூடேறும் டிரான்ஸ்பார்மர் பின்னிரவில் ஆறுகிறது. அந்த ஓய்வுதான் அதன் ஆயுளை நீட்டுகிறது. சார்ஜிங்கை இரவுக்குத் தள்ளுவது நல்லதுதான் என்றாலும், அங்கேயும் அது குவிந்துவிட்டால் ஆறும் நேரத்தையும் பறித்துவிடும். சித்திரை வெயிலில் இரவிலும் காற்று குளிராத பழனிச் சமவெளிக்கு இது புத்தகக் கணக்கு மட்டுமல்ல.

மின்வாகனங்கள் இன்னும் குறைவுதானே, பொறுத்துப் பார்க்கலாம் என்ற வாதமும் உண்டு. மாவட்டச் சராசரியைப் பார்த்தால் அது சரியென்றே தோன்றும். ஆனால் எந்தப் புது வண்டியும் ஊர் முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை. ஒருவர் வாங்கி ஓட்டுவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்குவார். சராசரி சிறிதாக இருக்கும்போதே ஒரு குறிப்பிட்ட தெரு நிறைந்துவிடக்கூடும்.

5. பம்ப்செட்டின் பாடம்

சத்தமில்லாமல் சேர்ந்த மின்சுமை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1930களில் பைக்காராவும் மேட்டூரும், 1944இல் பாபநாசமும் மின்சாரம் தரத் தொடங்கியபின் கோவை, மதுரை வட்டாரக் கிணறுகளில் கமலை ஏற்றம் நின்று மோட்டார் ஓடத் தொடங்கியது. பழனி அன்று மதுரை மாவட்டத்தில் இருந்தது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல். 1957இல் அமைந்த மின்வாரியம் பம்ப்செட் இணைப்பைத் தன் பெருமைகளில் ஒன்றாகவே வளர்த்தது. 1970களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் மின்கட்டண உயர்வை எதிர்த்து நடந்த விவசாயிகள் போராட்டங்களும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் வந்த இலவச மின்சாரமும் இந்த வரலாற்றின் திருப்பங்கள். இன்று மாநிலத்தில் இருபது லட்சத்துக்கும் அதிகமான விவசாய இணைப்புகள் உள்ளன.

இந்த வரலாற்றைப் பொதுவாக மானிய அரசியலின் கதையாகவே படிக்கிறோம். சுமையைக் கையாண்ட கதையாகவும் அதைப் படிக்கலாம். அப்படிப் படித்தால் மூன்று விஷயங்கள் தெளியும்.

முதலாவது, மீட்டர் இல்லாத சுமை. பெரும்பாலான விவசாய இணைப்புகளில் மீட்டர் இல்லாததால், எவ்வளவு மின்சாரம் கிணற்றுக்குப் போகிறது, எவ்வளவு வழியில் இழப்பாகிறது என்பது மதிப்பீடாகவே நின்றது. வீட்டில் சார்ஜ் ஏறும் ஸ்கூட்டருக்கு மீட்டர் உண்டு. ஆனால் அது மிக்ஸியோடும் ஃபிரிட்ஜோடும் சேர்ந்த ஒரே எண்ணாக, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எழுதப்படுகிறது. எந்த மணியில் ஏறியது என்பது அதில் தெரியாது. திட்டமிடுபவரின் பார்வையில் இதுவும் ஏறக்குறைய மீட்டர் இல்லாத நிலைதான்.

இரண்டாவது, முறை. மும்முனை மின்சாரத்தை ஃபீடர்வாரியாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஒரு நேரம் என்று முறைவைத்துக் கொடுத்தது மின்வாரியம். கண்மாய்ப் பாசனத்தில் மடைக்கு முறைவைத்துத் தண்ணீர் விட்ட சமூகத்துக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றியிருக்காது. மின்வாகன உலகில் இன்று நிர்வகிக்கப்பட்ட சார்ஜிங் என்று புதிதாகப் பேசப்படுவதன் அடிப்படையும் இதுவே: தேவையை வெட்டாமல் நேரத்தைப் பங்கிடுவது.

மூன்றாவது, அந்த முறை தோற்ற இடம். இரவில் எழுந்துபோய் மோட்டார் போட முடியாத விவசாயி ஆட்டோ ஸ்டார்ட்டரைப் பொருத்தினார். மும்முனை வந்த நொடியில் ஃபீடரில் உள்ள மோட்டார்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. வோல்டேஜ் சரிந்தது, காயில் கருகியது, டிரான்ஸ்பார்மர் எரிந்தது. ஒவ்வொருவரும் தன்னளவில் நியாயமாகவே நடந்துகொண்டார். நேரத்தைப் பங்கிட்ட ஏற்பாடு, அந்த நேரத்தின் தொடக்க நொடியைப் பங்கிட மறந்திருந்தது.

இந்த மூன்றாவது பாடம் மின்வாகனத்துக்கு அப்படியே பொருந்தும். இரவு பத்து மணிக்கு மேல் கட்டணம் குறைவு என்று அறிவித்தால், டைமர் வைத்த எல்லா சார்ஜர்களும் பத்து மணி அடித்ததும் ஒன்றாகக் கிளம்பும். மாநில உச்சம் தணியும். தெரு உச்சம் புதிதாகப் பிறக்கும். பிரிட்டன் இதை முன்கூட்டியே யோசித்தது. 2022 ஜூன் 30 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அங்கே விற்கப்படும் வீட்டு சார்ஜர்கள் தாமாகவே பத்து நிமிடம் வரை ஏதேனும் ஓர் அளவு தாமதித்துத் தொடங்க வேண்டும். ஆளுக்கொரு தாமதம் என்பதால் சுமை படிப்படியாக ஏறுகிறது. ஆட்டோ ஸ்டார்ட்டர் விற்ற காலத்தில் நம்மிடம் இல்லாமல்போனது இந்தச் சின்ன ஏற்பாடுதான்.

6. கட்டணம் எதைச் சொல்கிறது?

பகலில் சூரியமின்சாரம் மிகுந்திருக்கும்போது சார்ஜ் ஏற்றுவதே சிறந்தது என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. மத்திய மின் அமைச்சகத்தின் 2024 செப்டம்பர் வழிகாட்டுதல் இதைக் கட்டணமாக மாற்ற முயல்கிறது. சார்ஜிங் நிலையத்துக்குக் காலை 9 முதல் மாலை 4 வரை சராசரி வழங்கல் செலவில் 0.7 மடங்கு, மற்ற நேரத்தில் 1.3 மடங்கு என்று அது வரையறுக்கிறது. திசை சரியானது. ஆனால் இந்தச் செய்தி பொது நிலையத்தை நடத்துபவருக்கே போய்ச் சேர்கிறது. பழனியில் ஓடும் மின்வாகனங்களில் பெரும்பகுதியாக இருக்கப்போகும் ஸ்கூட்டர்கள் அங்கே வருவது அரிது. அவை வீட்டுப் பிளக்கை நம்பியவை.

வீட்டுக் கட்டணமோ நேரத்தைப் பார்ப்பதில்லை. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்குமேல் அடுக்கடுக்காக ஏறும். நாளுக்கு ஒரு யூனிட் என்ற ஸ்கூட்டர் இரண்டு மாதத்தில் 60 யூனிட்டைச் சேர்க்கிறது. 500 யூனிட் வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு அது ஓர் அடுக்கைத் தாண்ட வைத்துக் கீழடுக்கின் சலுகையையும் இழக்கச் செய்யலாம். சிக்கனமான வீட்டுக்கு அது உறைக்கவே உறைக்காது. இருவருக்குமே மாலை ஏழு மணி யூனிட்டும் மதியம் பன்னிரண்டு மணி யூனிட்டும் ஒரே விலைதான்.

மின்வாகனத்துக்கென்று தனி இணைப்பு பெறும் உரிமையை 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமை விதிகள் தருகின்றன. திட்டமிடுபவருக்கு அது பெரிய உதவி. மறைந்திருந்த சுமை வெளியே தெரியும். ஆனால் குறைவாக மின்சாரம் செலவழிக்கும் வீட்டுக்காரர், இலவச யூனிட்டும் கீழடுக்குச் சலுகையும் உள்ள மீட்டரை விட்டுத் தனி மீட்டருக்கு ஏன் போக வேண்டும்? வாடகை வீட்டில் இருப்பவருக்கு இணைப்பு வீட்டு உரிமையாளர் பெயரில் இருக்கும். அவர் விண்ணப்பிப்பதே சிக்கல். சுமை வெளியே தெரிய வேண்டுமென்றால், தெரியப்படுத்துபவருக்கு ஏதாவது லாபம் இருக்க வேண்டும். பகல்நேரச் சலுகையைத் தனி இணைப்பு பெற்ற வீட்டுக்கும் தெளிவாக நீட்டுவது ஒரு வழி. கேரள மின்வாரியம் இருசக்கர, மூன்றுசக்கர வாகனங்களுக்காக மின்கம்பங்களில் அமைத்த சார்ஜிங் முனைகள் இன்னொரு வழி. பாலக்காட்டிலிருந்து முருகனைக் காண வருபவர்கள் தம் ஊரில் பழகிய ஒன்றைப் பழனி ஆட்டோ நிறுத்தத்திலும் சந்தைத் தெருவிலும் அமைக்கலாம். நிறுத்திவைக்கும் பகல் நேரத்திலேயே வண்டி சார்ஜ் ஏறிவிட்டால் மாலைச் சுமை தானே இளகும்.

7. தைப்பூசமும் மலைப்பாதையும்

வழிகாட்டுதல்கள் நாட்டின் சராசரிக்காக எழுதப்படுபவை. பழனியின் மின்தேவை சராசரிக்குள் அடங்காத இரண்டு குணங்களைக் கொண்டது.

ஒன்று, திருவிழா. தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து காவடியும், பங்குனி உத்திரத்துக்குக் கொங்கு நாட்டிலிருந்து கொடுமுடித் தீர்த்தமும் நடந்தே வருகின்றன; கூடவே கார்களும் வருகின்றன. பத்துக் கார்களுக்கு ஒரே நேரத்தில் 60 கிலோவாட் வேகத்தில் சார்ஜ் தர 600 கிலோவாட் வேண்டும். நகரில் சாதாரணமாகக் காணும் மிகப்பெரிய 500 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மருக்கும் அது அதிகம். அதற்காகக் கட்டப்படும் திறன் ஆண்டின் பெரும்பாலான நாள்களில் சும்மா நிற்கும். நிலையான கட்டணமோ மாதாமாதம் வரும். காற்றாலைகளும் இங்கே கைகொடுக்காது. உடுமலை, தாராபுரம் சமவெளியில் காற்று வீசுவது ஆனி, ஆடியை ஒட்டிய மாதங்களில். தையும் பங்குனியும் காற்று ஓய்ந்த பருவம். வெயில் மட்டும் உண்டு. ஆகவே திருவிழாவுக்கு நிரந்தரத் திறனைக் கட்டுவதைவிட, பகல் வெயிலில் நிரப்பி மாலையில் கொடுக்கும் சேமிப்பு பேட்டரியும், விழாக்காலத் தற்காலிக இணைப்பு என்ற பழகிய நடைமுறையும் பொருத்தமானவை.

கிரிவீதியின் பேட்டரி கார்கள் இதற்கு நல்ல பயிற்சிக்களம். கணக்குக்காக இருபது வண்டிகள், வண்டிக்கு நாளுக்குப் பத்து யூனிட், 3 கிலோவாட் சார்ஜர் என்று கொள்வோம். எல்லாவற்றையும் ஒன்றாகச் செருகினால் 60 கிலோவாட். எட்டு மணிநேரத்துக்கு முறைவைத்தால் 25. வெயில் ஏறிக் கிரிவலம் குறையும் நடுப்பகலில் ஒரு பகுதியை ஏற்றிவிட்டால் இன்னும் குறையும். ஒரே நிர்வாகத்தின்கீழ் இருப்பதால் இதைச் செய்து, பதிந்து, பிற கோயில் நகரங்களுக்குப் பாடமாக்குவது எளிது.

மற்றது, மலை. பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு மலைச்சாலையில் ஏறத்தாழ 65 கி.மீ. சமதளத்தில் ஒரு மின்காருக்கு அந்தத் தொலைவுக்கு ஒன்பது, பத்து யூனிட் போதும். ஆட்களோடு 1,700 கிலோ எடையுள்ள காரை ஏறக்குறைய 1,750 மீட்டர் உயர்த்துவதற்கு மட்டும் மேலும் எட்டு யூனிட் வேண்டும். மோட்டாரில் ஏற்படும் இழப்பு தனி. இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி அதில் கணிசமான பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பும். ஆனால் கொடைக்கானலில் முழுக்க நிரப்பிவிட்டு இறங்குபவரின் பேட்டரியில் அதற்கு இடமிருக்காது. எனவே இத்தனை கி.மீ.க்கு ஒன்று என்ற அளவுகோல் இந்தச் சாலையில் தவறான இடத்தைக் காட்டும். ஏறுமுகம் தொடங்கும் பழனிப் பக்கத்தில் திறன் அதிகம் வேண்டும். உச்சியில் இரவு தங்குபவருக்கு மெதுவான சார்ஜர் போதும்.

8. ஆயத்தம் எங்கே தொடங்குவது?

ஸ்மார்ட் மீட்டர் வந்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்பது இன்று அடிக்கடி கேட்கும் பதில். வீட்டுக்கு வீடு நேரவாரியாக அளப்பது உதவும். ஆனால் எந்த வீடு எந்த டிரான்ஸ்பார்மரின் எந்த ஃபேஸில் தொங்குகிறது என்ற பதிவு சரியாக இல்லாவிட்டால், லட்சக்கணக்கான அளவுகள் சேர்ந்தும் எந்தப் பெட்டி சூடேறுகிறது என்று சொல்லாது. டிரான்ஸ்பார்மரிலேயே ஒரு மீட்டர் வைப்பது எண்ணிக்கையில் சிறிய வேலை. நேரடியான விடை தருவது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவாகும் மின்வாகனங்களைப் பெயர் நீக்கித் தெருவாரியாக மின்பகிர்மானக் கோட்டத்துக்குத் தெரிவிப்பது அதற்கடுத்த படி. வண்டி சாலைக்கு வரும் நாளிலேயே சுமையும் பதிவேட்டுக்கு வந்துவிடும். சார்ஜர்களுக்கு ஆளுக்கொரு சிறு தாமதத்தைத் தரநிர்ணயமாக்குவது மூன்றாவது. இவற்றுக்குப் பின்னரே எந்த டிரான்ஸ்பார்மரை மாற்றுவது, எந்த ஃபீடரைப் பிரிப்பது என்று பணம் செலவழிக்கும் முடிவுகள் வர வேண்டும்.

நார்வேயில் 2024இல் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது மின்கார்கள். அங்கே வீடுகள் நெடுங்காலமாக மின்சாரத்தால் சூடேற்றப்பட்டதால் தெருக்கம்பிகள் ஏற்கெனவே தடித்திருந்தன. நம்மிடம் அந்தத் தடித்த கம்பி இல்லை. பற்றாக்குறையை முறைவைத்துப் பகிர்ந்த அனுபவம் இருக்கிறது. பம்ப்செட்டுக்கு முறை மேலிருந்து வந்தது. விவசாயியின் தூக்கத்தை அது கேட்கவில்லை. அதனால்தான் ஆட்டோ ஸ்டார்ட்டர் வந்தது. பழனி பூக்கடைக்காரரின் ஸ்கூட்டருக்கும் முறை வேண்டும். காலை நான்கு மணிக்குப் பூ எடுக்கப் போகும்முன் வண்டி நிரம்பியிருந்தால், இரவில் எந்த மணியில் ஏறியது என்பது அவருக்கு ஒரு பொருட்டில்லை. அந்த ஒரு தகவலை அவரிடம் கேட்டுப் பெற்றுவிட்டால், மீதி நேரத்தைப் பங்கிடும் வேலையை மின்பகிர்மானம் அவர் தூக்கத்தைக் கெடுக்காமலே செய்துகொள்ளலாம்.